மகளுக்கு 'சிரி' என்ற நார்வே பெயரை வைத்தால் மற்ற நாடுகளில் எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

நார்வேயில் இது சாதாரணமான பெண் பெயர்தான். பழைய 'சிக்ரிட்' என்ற பெயரின் சுருக்கம் அது. வெற்றி, அழகு என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து உருவானது. அங்கே பெரியவர்களிலும் சிறுமிகளிலும் சிரிகள் உண்டு.

சிக்கல் 2011-இல் ஆரம்பித்தது. ஐபோன் 4எஸ்ஸில் ஆப்பிள் தன் குரல் உதவியாளரை அதே பெயரில் கொண்டுவந்தது. அந்த மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக் கிட்லௌஸ் நார்வே வம்சாவளி. தன் மகளுக்கென்று யோசித்து வைத்திருந்த பெயராம், பிறந்தது பையன்! அன்றிலிருந்து அமெரிக்காவில் இந்தப் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது ஃபோன்தான். முன்பு அதை 'ஹே சிரி' என்று கூப்பிட வேண்டும்; 2023-இல் 'ஹே' கூடத் தேவையில்லை என்று ஆகிவிட்டது. அம்மா மகளைக் கூப்பிட்டால் மேசையில் கிடக்கும் ஃபோன் விழித்துக்கொள்ளலாம்.

ஜப்பானில் நிலைமை இன்னும் மோசம். அங்கே 'ஸி' என்ற ஒலி இல்லாததால் பெயர் 'ஷிரி' ஆகிவிடும். அதற்குப் பின்புறம் என்று பொருள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சும்மா விடுவார்களா?

சுவாஹிலியில் 'சிரி' என்றால் இரகசியம். சிங்களத்தில் அது நம் 'திரு' போன்ற மங்கலச் சொல். சிறிமாவோ, சிறிசேன என்ற பெயர்களில் இருப்பதும் அதுதான். தமிழில் சொல்லவே வேண்டாம், கூப்பிடும்போதெல்லாம் சிரிக்கச் சொன்ன மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால், ஜப்பானில் குடியேறும் எண்ணம் இல்லையென்றால் தாராளமாக வைக்கலாம். ஃபோனுக்குப் பயந்தால் முழுப்பெயராகச் சிக்ரிட் இருக்கவே இருக்கிறது.