பெரிய ரைபிள்கள் இத்தனை இருக்கும்போது .22 ரிம்ஃபயரை ஏன் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள்?

ரேஞ்சில், அதாவது சுடும் மைதானத்தில், பக்கத்து வரிசைக்காரர் பெரிய ரைபிளால் இடி மாதிரி சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்புறம் உங்கள் கையில் இருக்கும் .22 சப்பென்று தெரிந்திருக்கும். (.22 என்பது அங்குலத்தில் குண்டின் விட்டம். ரிம்ஃபயர் என்றால் தோட்டாவின் அடி விளிம்பில் அடித்து வெடிக்க வைப்பது.) அதனால்தான் "இதில் அப்படி என்ன இருக்கிறது" என்று கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "அது சின்னப் பிள்ளைகள் பழகுகிற துப்பாக்கிதானே" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வேட்டைக்குப் போகிறவள் இல்லை, எல்லோரும் துப்பாக்கி வாங்குங்கள் என்று பிரசாரம் செய்யவும் வரவில்லை. உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதித்து, உரிமம் வாங்கி, முறையான ரேஞ்சில் காகிதத்தைச் சுடுவதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன். பெரிய ரைபிள் வைத்திருப்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை.

.22-இன் குண்டு ஏறக்குறைய 2.6 கிராம் எடை. உதை என்று சொல்லும்படி எதுவும் இல்லை, சத்தமும் குறைவு. இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் இதன் பெருமை. விசை (டிரிகர்) விடுபடும் நொடியில் பார்வைக்குறி எங்கே நின்றது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும். பெரிய ரைபிளில் அந்த நொடியை உதையும் சத்தமும் சேர்ந்து மூடிவிடும். குண்டு ஓரமாகப் போனால் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), காற்று, தோட்டா என்று எதன் மேல் வேண்டுமானாலும் பழி போடலாம். .22-இல் அந்தச் சால்ஜாப்பு எதுவும் செல்லாது.

எங்கள் ரேஞ்சுக்கு ஒரு தம்பி வருவார். நல்ல பெரிய ரைபிள், விலையுயர்ந்த ஸ்கோப். ஆனால் டார்கெட்டில் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் சிதறும், பெரும்பாலும் கீழ்ப்பக்கமாக. ஸ்கோப்பை மாற்றினார், தோட்டாவை மாற்றினார். ஒரு நாள் என்னுடைய .22-ஐக் கொடுத்து, "இதில் கொஞ்சம் சுட்டுப் பாருங்க தம்பி" என்றேன். "இதுல என்னக்கா தெரியப் போகுது?" என்று சிரித்துக்கொண்டே சுடுவதற்குப் படுத்தார்.

நாலைந்து தோட்டா வெடித்தது. அடுத்ததில் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான், தோட்டா வெடிக்கவில்லை. ஆனால் பேரலின் (குழலின்) முனை சட்டென்று கீழே குத்தி இறங்கியது. குண்டே கிளம்பாதபோது முனை ஏன் இறங்க வேண்டும்? வரப்போகும் உதைக்குப் பயந்து அவர் தோள் முன்கூட்டியே முட்டுக்கொடுத்திருக்கிறது. பெரிய ரைபிளில் அவருக்கே தெரியாமல் ஒவ்வொரு முறையும் நடந்துகொண்டிருந்தது இதுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. சிரிப்பு நின்று, கன்னத்தை ஸ்டாக்கில் (ரைபிளின் பின்கட்டையில்) வைத்தபடியே அப்படியே கிடந்தார்.

வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக் கூடாது. தாமதமாக வெடிக்கலாம். முனையை டார்கெட் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருந்து, பிறகு போல்ட்டை (தோட்டா அறையை மூடும் தாழ்ப்பாளை) திறந்தோம். தோட்டாவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். அடி விளிம்பில், நகம் பதிந்த மாதிரி, தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னின் ஒரு சின்னப் பள்ளம். ரிம்ஃபயரில் தீப்பற்றும் மருந்து அந்த விளிம்புக்குள்தான் இருக்கிறது. ஈரமாக உள்ளே வைத்து, சுழற்றி, விளிம்பின் மடிப்புக்குள் பரவச் செய்கிறார்கள். எங்காவது மருந்து சேராமல் விட்டுப்போய், ஃபயரிங் பின் சரியாக அந்த இடத்திலேயே அடித்தால் தோட்டா ஊமையாகிவிடும். அதையே கொஞ்சம் திருப்பிப் போட்டு மறுபடி சுடச் சொன்னேன், வெடித்தது.

அதற்குப் பிறகு நானே அவருக்குத் தோட்டா போட ஆரம்பித்தேன். அவரை அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு, சில தடவை உண்மையான தோட்டா, சில தடவை சுட்டு முடித்த வெறும் உறை. எது உள்ளே இருக்கிறது என்று தெரியாமல் விசையை அழுத்த வேண்டும். வெறும் உறையில் முனை அசைந்தால் மாட்டிக்கொள்வார். கொஞ்ச காலத்தில் அந்தக் குத்தல் நின்றது. பெரிய ரைபிளை எடுத்தபோது பழைய ஸ்கோப், பழைய தோட்டா, ஆனால் ஓட்டைகள் ஒன்றாகக் கூட ஆரம்பித்தன. இப்போது ரேஞ்சுக்கு வந்ததும் முதலில் .22-ஐத்தான் கேட்கிறார். எனக்கு அதில் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

"ஊமைத் தோட்டா வருகிறது, ஒரு முறை சுட்ட உறையில் மறுபடி மருந்து நிரப்பவும் முடியாது, இதைப் போய்ப் புகழ்கிறீர்களே" என்று யாராவது வருவார்கள். இரண்டும் உண்மைதான். ஃபயரிங் பின் அடித்து நசுக்கும்படி விளிம்பு மெல்லியதாக இருக்க வேண்டும், மெல்லிய உறை அதிக அழுத்தம் தாங்காது. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில் இருந்த பெரிய ரிம்ஃபயர் தோட்டாக்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. சின்னது மட்டும் நின்றது. இன்று நாம் சுடும் .22 லாங் ரைபிள் 1887இல் வந்தது. ஒரு தோட்டாவுக்கு ஆகும் செலவு பெரியதற்கு ஆவதில் சிறு பகுதிதான். தோள் வலிக்காமல் காலை முழுக்கச் சுடலாம். பழக்கம் என்பது அப்படித்தானே வரும்?

எளிது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 50 மீட்டர் ரைபிள் டார்கெட்டில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். போட்டித் தோட்டாக்களை வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கீழே வைத்திருப்பார்கள். ஒலியைவிட வேகமாகக் கிளம்பி வழியில் அதற்குக் கீழே இறங்கும் குண்டு தடுமாறும். மெதுவாகப் போகிற குண்டைக் காற்றும் நன்றாக இழுக்கும். 50 மீட்டருக்குச் சரிசெய்த ரைபிளால் 100 மீட்டரில் சுட்டால் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் கீழே விழும். காற்றையும் சரிவையும் படிக்க நீண்ட மைதானம் தேவையில்லை, இந்த 100 மீட்டரே போதும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில், ஆண் பெண் எல்லோரும் ஒன்றாகச் சுட்ட 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் (படுத்து, நின்று, மண்டியிட்டுச் சுடுவது), அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக் என்ற பெண்ணும் லானி பாஷம் என்ற ஆணும் சமமான புள்ளி எடுத்தார்கள், 1162. சமன் முறிக்கும் விதிப்படி தங்கம் பாஷமுக்குப் போனது. தேசிய கீதம் ஒலிக்கும்போது பாஷம் மர்டாக்கைப் பதக்க மேடையில் தன் படிக்கே ஏற்றிக்கொண்டார். ஒரு பெண் .22-ஐ வைத்துக்கொண்டு உலகத்தின் சிறந்த ஆண்களோடு சமமாகச் சுட்டது இத்தனை வருடம் முன்னாலேயே நடந்துவிட்டது. இன்றைக்கும் என் ரைபிள் பையைப் பார்த்தால் "உங்க வீட்டுக்காரரோடதா?" என்று கேட்கிறார்கள். அப்புறம், படுத்துச் சுடும் 50 மீட்டர் போட்டியை 2016 ரியோவோடு ஒலிம்பிக்கில் நிறுத்திவிட்டார்கள். பெண்களுக்கென்று அந்தப் போட்டி ஒலிம்பிக்கில் ஒரு முறைகூட இருந்ததில்லை. எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். .22-ஐ விற்றுவிட்டுப் பெரியது வாங்கும் யோசனை இருந்தால், விற்க வேண்டாம். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். சின்னது என்று அலட்சியம் மட்டும் கூடாது. அதன் குண்டு ஒரு மைலுக்கும் மேல் போகும், ஆளைக் கொல்லும். குண்டு ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். பழைய ரைபிளாக இருந்தால் தோட்டா இல்லாமல் விசையை அழுத்திப் பழகாதீர்கள். ஃபயரிங் பின் நேராகத் தோட்டா உட்காரும் அறையின் விளிம்பில் அடித்து அதை நசுக்கிவிடும். புதிய தோட்டா வாங்கும்போது ஒரே கம்பெனியிலேயே வெவ்வேறு லாட் எண் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்) உள்ள பெட்டிகளாகக் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, ரைபிளைத் தாங்கியில் வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனி டார்கெட்டில் சுட்டுப் பாருங்கள். ஒரு பேரலுக்குப் பிடித்த லாட் இன்னொன்றுக்குப் பிடிக்காது. உங்கள் ரைபிளுக்குப் பிடித்தது எது என்று தெரிந்ததும், அந்த எண்ணிலேயே முடிந்த அளவு வாங்கி வைத்துவிடுங்கள். அடுத்த முறை போனால் அதே லாட் இருக்காது.