குவாங்சோவில் பிரசவம்: எதை எப்போது முடிக்க வேண்டும்?

கேள்வி: கணவருக்குச் சீனாவின் குவாங்சோவில் வேலை. எனக்கு இப்போது 8 வாரம். ஊருக்குப் போகாமல் இங்கேயே அரசு மருத்துவமனையில் பிரசவம் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் உங்கள் இருவரின் ரத்த வகையையும் பாருங்கள். உங்களுக்கு ஆர்எச் நெகட்டிவ், கணவருக்கு பாசிட்டிவ் என்றால் 28-வது வாரத்தில் ஒருமுறையும், குழந்தை பாசிட்டிவாக இருந்தால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் மறுமுறையும், தாயின் உடல் குழந்தையின் ரத்த அணுக்களுக்கு எதிராகச் செயல்படாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி வேண்டும். ஹான் சீனர்களில் நெகட்டிவ் வகை ஆயிரத்துக்கு மூன்று பேர் அளவுதான். அதனால் சீனப் பெருநிலத்து மருத்துவமனைகளில் இந்த ஊசி வழக்கமாகக் கிடைப்பதில்லை. பலர் ஹாங்காங் போய்ப் போட்டுக்கொள்கிறார்கள். 28-வது வார ஊசிக்கு அது சரி. பிள்ளை பெற்ற மறுநாள் எப்படிப் போவது? அவசரத்துக்கு ரத்தம் கிடைப்பதும் சிரமம். இந்த ஒரு நிலையில் மட்டும் ஊருக்குப் போவதே நல்லது என்பேன். 28 வாரம் தாண்டினால் பல விமான நிறுவனங்கள் மருத்துவர் சான்று கேட்கும். அதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

உங்களுக்கு பாசிட்டிவ் என்றால் உடனே மருத்துவமனையை முடிவு செய்யுங்கள். எங்கே பிரசவமோ அங்கேயே 'ஜியான்டாங்' என்ற கர்ப்பகாலப் பதிவைச் செய்ய வேண்டும், பெரும்பாலும் 12 வாரத்துக்குள். பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி, கருவின் இதயத்துடிப்பு தெரிந்த ஸ்கேன் அறிக்கை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பெயர்பெற்ற தாய்சேய் மருத்துவமனைகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பதியும்போதே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பிரசவ அறைக்குள் கணவரை விடுவார்களா, முதுகில் போடும் வலிமரப்பு ஊசி இரவிலும் உண்டா?

கருவின் பின்கழுத்தில் உள்ள நீரின் தடிமனை அளக்கும் என்டி ஸ்கேனுக்கு 11 முதல் 14-வது வாரம் தொடங்கும்வரைதான் அவகாசம். தவறினால் பிறகு எடுத்துப் பயனில்லை. உறுப்புகளைப் பார்க்கும் பெரிய ஸ்கேன் 20–24 வாரத்தில். பாலினம் சொல்லமாட்டார்கள், அங்கும் சட்டப்படி தடை. சர்க்கரைச் சோதனை 24–28 வாரத்தில், கட்டாயம் வெறும் வயிற்றில். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிற்றில் 5.1, ஒரு மணி நேரத்தில் 10.0, இரண்டு மணி நேரத்தில் 8.5 (எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு): இவற்றில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு. இந்த எண்களை 18-ஆல் பெருக்கினால் நம் ஊரின் மி.கி./டெசிலிட்டர் கணக்கு வரும்.

பிறப்புச் சான்றிதழில்தான் நம்மவர் அதிகம் தடுமாறுகிறார்கள். குழந்தையின் பெயரைப் பிரசவத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். பின்னால் மாற்றுவது பெரும்பாடு. பெற்றோர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இனிஷியலை எங்கே போடுவது என்ற குழப்பத்தால் தூதரகத்தில் விண்ணப்பம் திரும்பிவிடும். பெற்றோர் இருவரும் இந்தியர் என்றால் குழந்தைக்குச் சீனக் குடியுரிமை இல்லை. துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து பாஸ்போர்ட் வாங்க வேண்டும். பிறந்த 60 நாளுக்குள் காவல் துறையின் குடிவரவு அலுவலகத்திலும் பதிய வேண்டும். பாஸ்போர்ட் வருவதற்குள் அந்தக் கெடுவில் பாதி ஓடிவிடக்கூடும் என்பதால், சான்றிதழ் கைக்கு வந்த வாரமே விண்ணப்பியுங்கள்.