அந்தப் பையன் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்?

கேள்வி: எனக்கு 29 வயது. கல் உடைக்கும் ஆலைகளில் வேலை பார்த்து, தூசியால் நுரையீரல் கெட்டுப்போனவர்களைப் பற்றி இரண்டு வருடமாக ஓர் ஆவணப்படம் எடுத்து வருகிறேன். அதற்காக, பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டுவிட்டேன். முக்கியமாக ஒரு குடும்பத்தைத்தான் படமாக்கினேன். அந்த வீட்டுக்காரர் போன வருடம் இறந்துபோனார். ராத்திரியில் மூச்சுத் திணறும் அவரை மனைவி நிமிர்த்தி உட்காரவைத்து வாயைத் துடைத்துவிடும் காட்சி ஒன்று இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். படம் ஒரு விழாவுக்குத் தேர்வாகியிருக்கிறது. ஆனால் என் அப்பா, 'இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?' என்கிறார். அண்ணன் என்னோடு பேசுவதே இல்லை. அந்தக் குடும்பமோ என்னைச் சொந்தப் பிள்ளையாக நினைக்கிறது. மூத்த பையன் மட்டும் டிரெய்லர் வந்ததிலிருந்து என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். 16 வயது, விடலைப் பருவம். என் வேலையின் அருமையை என் வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, 'வீட்டில் என்னைப் புரிந்துகொள்ளவில்லை' என்ற கடிதம் எனக்கு வராத வாரம் இல்லை. பாடப் போனவர், நடிக்கப் போனவர், எழுதப் போனவர், எல்லாருக்கும் அதே அப்பா, அதே அண்ணன். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனீர்களே ஒரு பையனைப் பற்றி, எனக்கு அவனைப் பற்றித்தான் பேச வேண்டும்.

விடலைப் பருவமாம்! இரண்டு வருடம் அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறீர்கள். அப்போதெல்லாம் திரும்பாத முகம், டிரெய்லர் வந்த பிறகு திரும்புகிறது என்றால், வயசா காரணம்? அவனோடு படிக்கிறவர்கள் கையில் போன் இருக்காதா? தன் அப்பா மூச்சுக்குத் தவித்ததை அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தே அவன் தினமும் வகுப்புக்குப் போகவேண்டியிருக்கிறது. கேலி செய்தால்கூடத் திருப்பி அடிக்கலாம். 'ஐயோ பாவம்' என்றால் என்ன செய்வான்?

அந்தக் காட்சியை எடுக்கும்போது யாரிடம் கேட்டீர்கள்? மூச்சு விடவே முடியாதவரிடமா? அவரைத் தாங்கிப் பிடித்திருந்த அம்மாவிடமா? 'எடுத்துக்கோ தம்பி' என்று எப்போதோ ஒருநாள் சொல்லியிருப்பார்கள், சரி. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனீர்கள், மருந்து வாங்கிக் கொடுத்தீர்கள் என்றால், அந்த நன்றிக்காகவே உங்களிடம் முடியாது என்று சொல்ல அவர்களுக்கு வாய் வந்திருக்காது. பிள்ளை மாதிரி நினைக்கிறார்கள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டுப் பிள்ளை, அப்பா திணறும்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்பானா? கதவைச் சாத்துவான். படுத்த படுக்கையாகிவிட்ட தகப்பனின் மானத்தைக் காப்பது பெற்ற பிள்ளையின் கடமை என்று நம்புகிறவள் நான். பழைய காலத்து ஆள் என்று நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை. அந்தக் கடமையைச் செய்ய விடாமல் அவனைக் கையாலாகாதவனாக்கியவர் நீங்கள்.

உலகத்துக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்பீர்கள். தெரியத்தான் வேண்டும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஓர் ஆலை கடலில் விட்ட கழிவில் பாதரச நஞ்சு இருந்தது. மீன் வழியாக அது மனிதர் உடலுக்குள் போய், வயிற்றில் இருந்த குழந்தைகளைக்கூட முடமாக்கியது. அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித்தும் அவர் மனைவி எய்லீனும் 1971-இல் அங்கேயே போய்க் குடியிருந்து புகைப்படம் எடுத்தார்கள். தாய் ஒருத்தி உடல் முறுக்கிப்போன மகளைக் கையில் ஏந்திக் குளிப்பாட்டும் படம் 1972-இல் பத்திரிகையில் வந்தபோது உலகமே அதிர்ந்தது. பெற்றோர் சம்மதித்துத்தான் எடுத்த படம். 1977-இல் அந்தப் பெண் இறந்தாள். அதன்பிறகும் படம் எங்கெங்கோ வந்துகொண்டே இருந்தது. அவளை இனியாவது நிம்மதியாக இருக்க விடவேண்டும் என்றார்கள் பெற்றோர். 1998-இல் எய்லீன், அந்தப் படத்தைப் பற்றிய முடிவைப் பெற்றோரிடமே விட்டுவிட்டார். பிறகு பல வருடங்கள் அதைப் புதிதாக வெளியிட அனுமதி கிடைக்கவில்லை. சம்மதம் வாங்கி, ஊரோடு ஊராக வாழ்ந்து எடுத்த படத்துக்கே இந்த நிலை. நீங்கள் அந்தப் பையனை ஒரு வார்த்தை கேட்டதாகக்கூடக் கடிதத்தில் இல்லை.

இன்னொன்று எனக்கு உறுத்துகிறது. அழவைத்த காட்சியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள், ஆலையைப் பற்றி ஒரு வரிக்குமேல் இல்லை. இருமுகிறவரின் நோய் ஊருக்கே தெரியும், அது மறைந்திருக்கவில்லை. மறைந்திருப்பது வேறு. கல்லை உடைக்கும்போது கிளம்பும், கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய சிலிக்கா தூசிதான் நுரையீரலின் ஆழம்வரை போய் வருடக்கணக்கில் தழும்பாகிறது. தழும்பானதைச் சரிசெய்ய மருந்து கிடையாது. ஆனால் வராமல் தடுக்க வழி உண்டு: கல்லின்மேல் தண்ணீர் தெளிக்கலாம், இயந்திரத்தை மூடித் தூசியை உறிஞ்சி எடுக்கலாம். அந்த ஆலையில் தண்ணீர்க் குழாய் இருந்ததா? இருந்தால் தண்ணீர் வந்ததா? வருகைப் பதிவேட்டில் இறந்தவரின் பெயர் இருந்ததா, இல்லை 'இவர் இங்கே வேலையே பார்க்கவில்லை' என்று கைவிரித்துவிட்டார்களா? காசநோய் என்று நினைத்து எத்தனை மாதம் வீண் மருந்து சாப்பிட்டார்? அந்த எக்ஸ்ரேயை, சம்பளச் சீட்டை, காய்ந்து கிடக்கும் குழாயை எடுங்கள். அதைப் பார்த்து யாரும் அழமாட்டார்கள். முதலாளி வக்கீலைக் கூப்பிடுவார், அதற்குத்தானே ஆவணப்படம்?

லூயிஸ் ஹைன் 1908 முதல் அமெரிக்க ஆலைகளில் குழந்தைத் தொழிலாளர்களைப் புகைப்படம் எடுத்தவர். பைபிள் விற்பவர்போல வேஷம் போட்டுக்கூட உள்ளே போனார். தன் கோட்டுப் பொத்தான்களை அளவாக வைத்துக் குழந்தைகளின் உயரத்தைக் கணித்து, வயதையும் வேலையையும் யாருக்கும் தெரியாமல் குறித்துக்கொண்டார். படத்தோடு அந்தக் குறிப்பும் இருந்ததால்தான் பொய் என்று தள்ள முடியவில்லை. குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் அங்கே நிலைபெற 1938 ஆனது. அவர் ஏமாற்றியது ஆலைக்காரர்களை. நீங்கள் யாரை ஏமாற்றியிருக்கிறீர்கள் என்று யோசியுங்கள்.

உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்ல உங்களிடம் இன்னும் ஒன்றும் இல்லை, அதனால் கோபம் வருகிறது. பகுதி நேரமாவது ஒரு வேலை தேடி, வீட்டுச் செலவில் உங்கள் பங்கைக் கொடுங்கள். அண்ணன் தானாகப் பேசுவார். பேசாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

இப்போது செய்யவேண்டியதைக் கேளுங்கள். டிரெய்லரை இன்று ராத்திரிக்குள் இறக்குங்கள். கேமரா இல்லாமல் அந்த வீட்டுக்குப் போய், அம்மாவையும் பிள்ளைகளையும் உட்காரவைத்து முழுப் படத்தையும் போட்டுக் காட்டுங்கள். மூத்தவன் எழுந்து போய்விட்டால் நிறுத்திவிட்டு, இன்னொரு நாள் வாருங்கள். வெட்டச் சொன்னால் வெட்டுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள், விழாவைப் பற்றி வாயே திறக்காதீர்கள். அதுவரை விழாக்காரர்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டாம். கெடு தவறினால் தவறட்டும்.