மலையூரில் எந்த நிறுவனத்தின் சிம்?

கேள்வி: தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறோம். வீட்டுக்குள் சிக்னல் கிடைப்பதில்லை. வேறு நிறுவனத்துக்கு மாறுமுன் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: நிறுவனங்கள் தம் இணையதளங்களில் வெளியிட்டுள்ள சேவைப் பரப்பு வரைபடங்களில் உங்கள் ஊரை முதலில் பாருங்கள். ஆனால், மலைச்சரிவில் வாழ்பவர்கள் அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. செல்பேசிக் கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு மேடு குறுக்கிட்டாலே அலை தடைபடும் என்பதால், சாலையின் மேல்வளைவில் நன்றாகக் கிடைக்கும் சிக்னல் கீழ்வளைவில் அறவே இல்லாமல் போகலாம். 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள், 2300 மெகாஹெர்ட்ஸைவிட எளிதாகச் சுவர்களைக் கடக்கும். ஆகவே, வெவ்வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தாரை அழைத்து, உங்கள் சமையலறையிலிருந்தும் படுக்கையறையிலிருந்தும், முக்கியமாக மின்தடை நேரத்திலும், பேசச் சொல்லிப் பாருங்கள். எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம். இப்போதைய இணைப்பு 90 நாட்களைக் கடந்திருக்க வேண்டும், பாக்கியும் இருக்கக் கூடாது.