கடல் பிளாக், கால நீட்டிப்பு, அரசின் பிடி: கேள்வி பதில்

இந்தியக் கடலில் அரசு ஒதுக்கிய பரப்புகளில், அதாவது பிளாக்குகளில், எண்ணெய், எரிவாயு தேடும் நிறுவனங்கள் கூடுதல் காலம் கேட்டுப் போகும்போது அரசு எங்கே பிடித்து அழுத்துகிறது, அதை எப்படிச் சமாளிப்பது என்பது பற்றி மட்டும் கேளுங்கள். பெட்ரோல் விலையும் பங்குச்சந்தையும் வேண்டாம்.

நெய்தல்: செய்தித்தாளில் எல்லாவற்றையும் "உரிம நீட்டிப்பு" என்றே போடுகிறார்கள். எல்லாம் ஒன்றுதானா சார்?

இல்லை. இரண்டு தனித்தனி ஆட்டம். முதலாவது, தேடல் கட்டத்துக்கு நீட்டிப்பு. ஏலத்தில் "இத்தனை சதுர கிலோமீட்டர் நில அதிர்வு ஆய்வு, இத்தனை கிணறு" என்று வாக்குக் கொடுத்திருப்பார்கள். கட்டம் முடியும்போது ஒரு கிணறு பாக்கி நிற்கும், அதற்காகக் கேட்கும் அவகாசம் இது. என்இஎல்பி, அதாவது புதிய தேடல் உரிமக் கொள்கை, அதன் ஒப்பந்தங்களில் தேடலுக்கு ஆழமில்லாத கடலில் மொத்தம் 7 ஆண்டு, ஆழ்கடலில் 8. 2016-ல் அதன் இடத்துக்கு வந்த ஹெல்ப் கொள்கை கடலுக்கு 10 ஆண்டு வரை தந்தது.

இரண்டாவது, உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தின், அதாவது செலவு போக மிச்சத்தை அரசும் நிறுவனமும் பங்கிடும் ஒப்பந்தத்தின், 25 ஆண்டுக் காலமே முடியும்போது கேட்பது. ஆந்திரக் கடலோரத்து ராவ்வா வயல் அப்படித்தான்: 1994 அக்டோபரில் கையெழுத்து, 2019 அக்டோபரில் முடிவு, பிறகு 10 ஆண்டு நீட்டிப்பு. முதல் ஆட்டத்தில் அரசின் கையில் இருப்பது உங்கள் பாங்க் கேரண்டி. இரண்டாவதில் உங்கள் வயலே அதன் கையில்.

பெட்ரோலியப் பொறியியல் மாணவி: தேடல் கட்டத்துக்கு நீட்டிப்பு கேட்க என்னென்ன தாள்கள் வேண்டும்? எங்கே சிக்கும்?

நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பங்காளிகளின் இயக்கக் குழுத் தீர்மானம். ஒரு பங்காளி கையெழுத்துப் போடாவிட்டாலும் விண்ணப்பம் நகராது. கடலூர், பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் கடலில் பிஒய்-3 வயலைப் பாருங்கள். அது நீட்டிப்பு விவகாரம் அல்ல, ஆனால் பாடம் ஒன்றே. 2011 ஜூலையில் உற்பத்தி நின்றது. எண்ணெய் இருந்தும் பங்காளிகளுக்குள் ஒருமித்த முடிவு வராமல் ஆண்டுகள் ஓடின.

அடுத்து, செய்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்ற அட்டவணை. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். கிணறு என்றால் எண்ணிக்கை மட்டும் போதாது, வாக்களித்த ஆழத்தையும் தொட்டிருக்க வேண்டும். 3,500 மீட்டர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு 2,900-ல் குழாய் சிக்கிக் கைவிட்டால் அந்தக் கிணறு கணக்கில் ஏறுவது சந்தேகம். அடித்தளப் பாறை முன்கூட்டியே வந்துவிட்டது என்றால் அதற்குப் பாறைத் துகள் அறிக்கையும் கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுத்த லாக் பதிவும் இணைக்க வேண்டும். "வந்துவிட்டது" என்று கடிதத்தில் எழுதினால் டிஜிஹெச், அதாவது ஹைட்ரோகார்பன் தலைமை இயக்ககம், ஏற்காது.

மூன்றாவது, தாமதத்துக்கான காரணம். இதை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். அரசுத் தரப்பால் ஆன தாமதம் ஒன்று: பாதுகாப்பு அமைச்சக அனுமதி, கடற்படைச் சோதனை, சுற்றுச்சூழல் அனுமதி. உங்கள் தரப்பால் ஆனது மற்றொன்று: துளையிடும் ரிக் கிடைக்கவில்லை, டெண்டர் ரத்து. முதல் வகைக்கு ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பித்த தேதி, பதில் வந்த தேதி, நடுவில் எத்தனை நாள் என்று கடித நகலோடு காட்டினால் அந்த நாட்களை அபராதமின்றிக் கேட்கலாம். இரண்டாவது வகைக்குக் காசு கட்ட வேண்டும். விதிவிலக்கும் உண்டு. உலகெங்கும் ஆழ்கடல் ரிக் தட்டுப்பாடு வந்தபோது ஆழ்கடல் பிளாக்குகளுக்கு அரசே 2010 டிசம்பர் வரை பொது விலக்குக் கொடுத்தது. ஒரு நிறுவனம் தனியாகப் போய் "ரிக் இல்லை" என்றால் அந்தத் தயவு கிடைக்காது.

நான்காவது, பாங்க் கேரண்டியும் முன்நிர்ணய இழப்பீடும். முடியாத வேலையின் மதிப்புக்குக் கேரண்டி, அதில் ஒரு விகிதம் ரொக்கம். நீட்டிப்பு கூடக்கூட ரொக்கமும் கூடும். கேரண்டியின் காலாவதி, நீங்கள் கேட்கும் நீட்டிப்பின் கடைசி நாளைத் தாண்டிச் சில மாதமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது காலாவதியாகும் முன்பே அரசு பணமாக்கிவிடும். அதைக் குறை சொல்லவும் முடியாது, அவர்கள் கோப்பில் வேறு பிடிமானம் இல்லை.

ஐந்தாவது, எல்லோரும் மறப்பது: ஒப்பந்தக் கட்டத்தின் நீட்டிப்பு வேறு, பெட்ரோலியத் தேடல் உரிமத்தின் புதுப்பிப்பு வேறு. இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம். கடலில் இரண்டையும் தருவது மத்திய அரசுதான் என்பதால் ஒன்று வந்தால் மற்றதும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உரிமம் செல்லாமல் போனால் இறக்குமதிக் கருவிகளுக்குச் சுங்க விலக்கு கிடைக்காது. கேசிங் குழாயும் கிணற்றுத்தலைக் கருவியும் துறைமுகத்தில் கிடக்கும், அன்றாடம் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறும்.

இன்னொன்று. என்இஎல்பி ஒப்பந்தத்தில் முதல் கட்டத்துக்கு ஆறு மாதம் வாங்கினால் அது அடுத்த கட்டத்திலிருந்து கழியும். இலவசம் இல்லை.

முதலீட்டாளன்: வேதாந்தா பங்கு வாங்கலாமா?

மேலே என்ன எழுதியிருக்கிறேன்?

காவிரிக்கரை: டெல்டாவில் ஹைட்ரோகார்பன் எடுக்கக் கூடாது என்று 2020-ல் சட்டம் வந்ததே, அது கடலுக்கும் பொருந்துமா?

அந்தச் சட்டம் நிலத்துக்கு. கடல் பிளாக் மத்திய அரசின் கையில். டெல்டா விவகாரம் தனியாகப் பேச வேண்டியது, இங்கே கலக்க வேண்டாம்.

கணக்கன்: நான் தணிக்கைத் துறைக்காரன். 25 ஆண்டு முடிந்து நீட்டிப்புக் கேட்கும்போது லாப எண்ணெயில் அரசுக்குக் கூடுதல் பங்கு, அதோடு தணிக்கை ஆட்சேபணைத் தொகை என்று இரண்டு பக்கமும் நெருக்குகிறார்கள். இது கழுத்தில் கத்தி வைப்பது இல்லையா?

முதலில் விதி. செலவை மீட்க எடுப்பது செலவு எண்ணெய், மிச்சம் பங்கிடுவது லாப எண்ணெய். சிறு, நடுத்தர வயல்களுக்கு 2016 மார்ச்சில் ஒரு கொள்கை, என்இஎல்பிக்கு முந்தைய தேடல் பிளாக்குகளுக்கு 2017 ஏப்ரலில் இன்னொன்று. இரண்டிலும் நீட்டிப்புக் காலத்தில் அரசின் லாப எண்ணெய்ப் பங்கு 10 சதவீதம் கூடும். 2016 கொள்கையில் ராயல்டி, செஸ் இரண்டும் பழைய சலுகை விகிதத்தில் இல்லாமல் நடப்பு விகிதத்துக்கு வரும். காலம் 10 ஆண்டு வரை, அல்லது வயலின் பொருளாதார ஆயுள், எது முந்துகிறதோ அது. முடிவு நாளுக்குக் குறைந்தது 2 ஆண்டு முன்பு விண்ணப்பிக்க வேண்டும், 6 ஆண்டுக்கு முன்னால் போகக் கூடாது. டிஜிஹெச்சுக்கு ஆறு மாதம், அரசுக்கு அதன்பின் மூன்று மாதம். காகிதத்தில் அவ்வளவுதான்.

ஆட்சேபணை ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதைக் கணக்காகப் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கும். பல ஒப்பந்தங்களில் அரசின் பங்கை முடிவு செய்வது முதலீட்டு மடங்கு: இதுவரை கிடைத்த நிகர வருமானத்தை இதுவரை போட்ட முதலீட்டால் வகுத்தால் வருவது. 100 போட்டு 240 எடுத்திருந்தால் 2.4. மேல் படி 2.5-ல் தொடங்குகிறது, அரசின் பங்கு இப்போது 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதலீட்டில் 10-ஐ டிஜிஹெச் "அனுமதியில்லாத செலவு" என்று வெட்டுகிறது. கீழே 90 ஆகிறது. மேலே, செலவு எண்ணெயாக எடுத்த அந்த 10 லாப எண்ணெயாக மாறி அதில் 4 அரசுக்குப் போவதால் 236. வகுத்தால் 2.62. வெட்டியது பத்து, ஆனால் படி மாறியதால் அதன்பின் வரும் ஒவ்வொரு பீப்பாயிலும் அரசின் பங்கு ஏறுகிறது. ஆட்சேபணையில் எழுதியிருக்கும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு "கட்டித் தொலைத்துவிடலாம்" என்று சொல்லும் நிதி அதிகாரியை நம்பாதீர்கள்.

கணக்கன்: அதைத்தான் சொல்கிறேன். வேதாந்தாவின் ராஜஸ்தான் பார்மர் பிளாக்கில் நீட்டிப்புக்கு நிபந்தனையாக அந்த ஆட்சேபணைகளைத்தானே வைத்தார்கள்? குழாய்த்திட்டச் செலவு, பொதுச் செலவுப் பங்கீடு இரண்டும் நடுவர் மன்றத்தில் இருக்கும்போதே!

பார்மர் நிலத்துப் பிளாக், ஆனால் கடலுக்கும் அதே தர்க்கம் என்பதால் பதில் சொல்கிறேன். 2020 மே மாதம் 25 ஆண்டு முடிந்தது. நீட்டிப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 2022 அக்டோபரில். நடுவே துண்டு துண்டாக இடைக்கால அனுமதி. முழு நீட்டிப்பு இல்லாமல் பெரிய முதலீட்டுக்கு எந்த வங்கியும் எளிதில் கடன் தராது. அழுத்தம் அங்கேதான் வேலை செய்கிறது. யாரும் "முடியாது" என்று எழுதவில்லை பாருங்கள்.

நெய்தல்: கணக்கன் சார், எண்ணெய் மக்கள் சொத்து. 25 ஆண்டு எடுத்தவனிடம் பாக்கியைக் கேட்டால் கத்தியா?

கணக்கன்: பாக்கி என்று யார் தீர்மானித்தது? கேட்பவரே தீர்ப்பும் சொல்கிறார். 2023 ஆகஸ்டில் நடுவர் தீர்ப்பு பெரும்பாலும் நிறுவனத்துக்குச் சாதகமாகத்தானே வந்தது?

இருவரும் பாதி சரி. அரசு இங்கே ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு, நீட்டிப்பைத் தரும் அதிகாரி, தணிக்கைக்கு ஆள் அனுப்புபவர், மூன்றும் அதுவே. திட்டத்தையும் செலவையும் ஒப்புக்கொள்ளும் நிர்வாகக் குழுவிலும் அதன் ஆட்கள் உண்டு. இது கோளாறுதான், கணக்கன் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நெய்தல் கேட்பதில் நியாயம் இருக்கிறது: அங்கீகரித்த திட்டச் செலவைத் தாண்டிப் போனபோது நிர்வாகக் குழுவின் திருத்திய ஒப்புதலை அந்த ஆண்டே வாங்கியிருந்தால் இந்த வழக்கின் பாதி எழுந்தே இருக்காது. செலவு மீறல் நடந்த ஆண்டிலேயே தீர்க்காத ஆட்சேபணை, நீட்டிப்பு ஆண்டில் வட்டியோடு வரும். நடுவர் தீர்ப்பு வந்தது கையெழுத்துக்குப் பிறகு என்பதையும் கவனியுங்கள். ஜெயித்தாலும் மேசையில் உட்கார்ந்த நேரத்தில் அந்தத் தீர்ப்பு கையில் இல்லை.

புதியவன்: ஒப்பந்தத்திலேயே நீட்டிப்பு பற்றி எழுதியிருந்தால் தானாகக் கிடைக்காதா?

கிடைக்காது. அதே பார்மர் பிளாக்குக்கு 2018 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி பழைய விதிமுறைகளிலேயே நீட்டிக்கச் சொன்னார். 2021 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. "நீட்டிக்கலாம்" என்பதை உரிமையாக வாசிக்காதீர்கள்.

கடலோடி: எங்களுக்கு 25 ஆண்டு ஒப்பந்தம், அதில் நீட்டிப்பு விதி இருக்கிறது. அப்படியென்றால் கட்டாயம்...

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, இலங்கையின் மன்னார்க் கடலிலும் இப்படி ஏதும் நெருக்குதலால்தான் கெய்ர்ன் எண்ணெய் நிறுவனம் போனதோ?

அங்கே கதை வேறு. 2011-ல் டொராடோ, பாரகுடா என்று இரண்டு எரிவாயுக் கண்டுபிடிப்பு. 2015-ல் கெய்ர்ன் விலகியது. வாயுவை வாங்க ஆளும் விலையும் குழாயும் இல்லாத இடத்தில் காலத்தை நீட்டித்து என்ன செய்வது?

துளைப்பான்: கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் கேஜி-டி6 கடல் பிளாக்கில் ரிலையன்ஸ் பரப்பைப் பிடுங்கியது அழுத்தம்தானே?

2013 அக்டோபரில் 7,645 சதுர கிலோமீட்டரில் 6,198-ஐ விடச் சொன்னார்கள், 81 சதவீதம். அதில் 5,367-ஐ நிறுவனமே விடத் தயாராக இருந்தது. சண்டை மிச்சம் 831 சதுர கிலோமீட்டருக்கு, ஏனென்றால் ஐந்து கண்டுபிடிப்புகள் அதற்குள். நீட்டிப்பு கேட்பவர்களுக்கு இதில் உள்ள சேதி துளைக்கம்பிச் சோதனை, அதாவது டிஎஸ்டி. கிணற்றில் வாயுவை ஓடவிட்டு அழுத்தமும் ஓட்டமும் அளக்கும் சோதனை அது. ஆழ்கடலில் ரிக்கை அதற்காக நாட்கணக்கில் நிறுத்தினால் செலவு எகிறும், ஆகவே கம்பியில் இறக்கும் கருவியின் அளவீடே போதும் என்று நிறுவனங்கள் வாதாடின. டிஜிஹெச் ஒப்புக்கொள்ளவில்லை. டிஎஸ்டி இல்லாத கண்டுபிடிப்பைக் கண்டுபிடிப்பாகவே எண்ணாததால் காலம் ஓடிக்கொண்டே இருந்தது. 2015 ஏப்ரலில் வழி பிறந்தது: சோதனை செய்தால் செலவில் 50 சதவீதம் மட்டும், 1.5 கோடி டாலர் உச்சவரம்போடு மீட்கலாம், அல்லது சோதனையின்றி அந்தக் கண்டுபிடிப்பின் செலவைத் தனியாக வேலியிட்டு உங்கள் பொறுப்பில் மேம்படுத்தலாம். ஓஎன்ஜிசியின் கேஜி-98/2 கண்டுபிடிப்புகளும் அந்தப் பட்டியலில் இருந்தன.

எனவே கிணற்றுத் திட்டத்திலேயே டிஎஸ்டிக்கு நாளும் பணமும் ஒதுக்குங்கள். ரிக் போன பிறகு சோதிக்க முடியாது.

வெளிநாட்டுப் பார்வை: பிற நாடுகளில் எப்படி?

சைப்ரஸ்: அப்ரோடைட் வயலில் மிதவை உற்பத்தி அலகு இல்லாமல் எகிப்துக்குக் குழாய் போடலாம் என்று செவ்ரான் குழு திட்டத்தை மாற்றியது. அரசு 2023-ல் நிராகரித்து, 2024-ல் ஒப்பந்த மீறல் நோட்டீஸ் கொடுத்தது. 2025 பிப்ரவரியில் மிதவை அலகோடு கூடிய திட்டத்துக்கு ஒப்புதல். அயர்லாந்து: கார்க் கடலோர பாரிரோ வயலுக்கு 2023 மே மாதம் அமைச்சர் குத்தகை உறுதி மறுத்தார். காரணம் நிலவியல் இல்லை, நிறுவனத்தின் நிதித் திறன். பிலிப்பைன்ஸில் மலம்பாயா ஒப்பந்தம் 2039 வரை போனது, புதிய கிணறு தோண்டும் கடமையோடு.

ஒப்பந்தக்காரன்: இடைக்கால அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறது. ஜாக்-அப் ரிக் (கடல்தரையில் காலூன்றி நிற்பது) ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

இடைக்கால அனுமதி நீட்டிப்பு ஆகாது. கடிதத்தின் கடைசிப் பத்தியில் "அரசின் உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று ஒரு வரி இருக்கும், அதை முதலில் தேடுங்கள். ரிக் ஒப்பந்தம் போடுவதானால் மூன்று விதி எழுதுங்கள்: உரிமம் செல்லுபடியாக இருப்பது முன்நிபந்தனை, உரிமம் அற்றுப்போனால் முழு நாள்வாடகை இல்லாமல் காத்திருப்பு வாடகை, ரிக்கைக் கொண்டுவரும் கட்டணத்துக்கு உச்சவரம்பு. கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் கிணறு முடிய வேண்டுமானால் பாதுகாப்பு அனுமதிக்கு இப்போதே போடுங்கள். பிஹெச்பி நிறுவனம் 2013-ல் பத்தில் ஒன்பது பிளாக்கை விட்டுப் போனது அந்த அனுமதி வராததால்தான்.

ஒப்பந்தக்காரன்: கடிதத்தில் அந்த வரி இருக்கிறது சார். கேரண்டி அடுத்த மாதம் 12-ல் முடிகிறது.

அப்படியானால் ரிக்கை விடுங்கள். நாளை காலை வங்கிக்குப் போய்க் கேரண்டியைப் புதுப்பித்து, அசலை டிஜிஹெச்சில் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு நகல் வாங்குங்கள். மின்னஞ்சலில் அனுப்பியது கணக்கில் வராது.