ஸ்பாட் வெல்டரில் பட்டை ஓட்டையாகி மாஸ்ஃபெட்டும் போனதற்கு

வணக்கம் நண்பரே. ஸ்பாட் வெல்டரில் (கணநேரம் மின்சாரம் பாய்ச்சிப் புள்ளியாக ஒட்டும் கருவி) 2 ஃபாரட் கெப்பாசிட்டரை 15 வோல்ட் ஏற்றி பேட்டரி செல்லுக்கு நிக்கல் பட்டை வெல்டு செய்ததில் பட்டை ஓட்டையாகி, மாஸ்ஃபெட்டும் (மின்சாரத்தை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) போனதாகச் சொன்னீர்கள். அதில் 225 ஜூல் ஆற்றல் இருக்கும், பட்டைக்கு அது அதிகம்! 10 வோல்ட்டுக்கு இறக்கினால் 100 ஜூல்தான். முதலில் அதைச் செய்யுங்கள். செல்லில் வேண்டாம், வீண் பட்டைத் துண்டுகளில் சோதியுங்கள். லித்தியம் செல்லில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கலாம்.

மாஸ்ஃபெட் பெரும்பாலும் ஆஃப் ஆகும் நொடியில்தான் சாகும். நீள வயரின் இன்டக்டன்ஸ் (ஓடும் கரன்ட் சட்டென நிற்பதை எதிர்க்கும் குணம்) அப்போது வோல்டேஜை எகிற வைக்கிறது. வயரைத் தடிமனாக, குட்டையாக்குங்கள். எலெக்ட்ரோடு வயர்களுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு ஷாட்கி டயோடு (வேகமான ஒருவழி டயோடு), மாஸ்ஃபெட்டின் ட்ரெயின், சோர்ஸ் கால்களுக்கு நடுவே டிவிஎஸ் டயோடு (எகிறும் வோல்டேஜை அடக்குவது) அவசியம்.

கெப்பாசிட்டருக்குக் குறுக்கே மிச்ச சார்ஜை வடிக்க 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் நிரந்தரமாக இருக்கட்டும். அப்படியும் வடிய கால் மணி நேரத்துக்கு மேலாகும், மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், டெர்மினல்களுக்குக் குறுக்கே பட்டால் விரல் வெந்துவிடும்.