பாளையத்துப் பக்கம் படிக்கப் போகும் பெண்ணுக்கு

கேள்வி: டீச்சர், எங்க வீடு பாறசாலையில். மகள் பிளஸ் டூ முடிச்சுட்டு, பி.ஏ. தமிழ்தான் எடுப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. திருவனந்தபுரத்தில் காலேஜ் எல்லாம் அடுத்தடுத்து இருக்கு, ஒரே நாள்ல பார்த்துடலாம்னு சொல்றாங்க. எதைப் பார்க்க? ஆப்ஷன்ல எதை முதல்ல போட?
– ஒரு தாய், பாறசாலை

பதில்: தமிழ் என்று அவள் நிற்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். தடுக்காதீர்கள். விண்ணப்பத்தில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் தரும்போது யூனிவர்சிட்டி காலேஜை முதல் ஆப்ஷனாகப் போடுங்கள். நான் படித்த இடம் என்பதற்காகச் சொல்லவில்லை. 1866-இல் கல்லூரியாகத் தொடங்கி, மனோன்மணியம் சுந்தரனார் தத்துவம் நடத்திய இடம் அது. தமிழில் பி.ஏ., எம்.ஏ. இரண்டும் உண்டு.

ஒரே நாளில் பார்க்கலாம். தம்பானூரில் ரயில் இறங்கினால் தைக்காடு பக்கம்தான். ஆர்ட்ஸ் காலேஜ், சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி எல்லாம் அங்கே. அப்புறம் பஸ் பிடித்துப் பாளையம் வாருங்கள். யூனிவர்சிட்டி காலேஜ், சம்ஸ்கிருதக் கல்லூரி, பல்கலைக்கழக செனட் ஹவுஸ், ஓவியக் கல்லூரி எல்லாம் நடந்தே பார்த்துவிடும் தூரம்.

மகளை நூலகத்துக்குள்ளும் கூட்டிப் போங்கள். 1829-இல் தொடங்கிய ஸ்டேட் சென்ட்ரல் லைப்ரரி பாளையத்தில்தான் இருக்கிறது, தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. பல்கலைக்கழக நூலகமும் அருகிலேயே. மதியம் வகுப்பு இல்லையென்றால் நாங்கள் போய் உட்கார்ந்த இடங்கள் இவை. பக்கத்து மேசையில் சம்ஸ்கிருத மாணவர் ஒருவர் இருப்பார், ஒரு சந்தேகம் கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார். தனியாக ஓரிடத்தில் நிற்கும் கல்லூரியில், அது எத்தனை நல்லதாக இருந்தாலும், இந்தப் பழக்கம் வாய்க்காது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை பாளையத்தில் இல்லை. நகரைத் தாண்டி, கழக்கூட்டம் போகும் வழியில் காரியவட்டத்தில் இருக்கிறது. நம் நாகர்கோவில் வடசேரிக்காரர், மொழியியல் அறிஞர் வ.அய். சுப்பிரமணியம் தலைமை வகித்த துறை. பி.ஏ.வுக்கு அது தேவைப்படாது. ஆனாலும் அங்குள்ள சுவடி நூலகத்தை அவள் ஒருநாள் பார்க்க வேண்டும். புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்காமல் எழுதியிருப்பார்கள். எது மெய், எது உயிர்மெய் என்று நாம்தான் கூட்டி வாசிக்க வேண்டும். முதல் வரி புரிந்துவிட்டால் ஓலையைக் கீழே வைக்க மனம் வராது.

2024 முதல் பட்டப்படிப்பு நான்கு வருஷம். மூன்றாம் வருஷ முடிவில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறவும் வழி உண்டு. ஆப்ஷன் வரிசையில் கவனம் வேண்டும். மேலே போட்டது பிறகு கிடைத்தால் அதற்குப் போயே ஆக வேண்டும், கீழே இருப்பவை தானாகவே ரத்தாகிவிடும். அதனால் பக்கத்து வீட்டுப் பெண் போட்டாள் என்று எதையும் மேலே ஏற்ற வேண்டாம். ட்ரயல் அலாட்மென்ட், அதாவது உண்மையான ஒதுக்கீட்டுக்கு முன் வரும் மாதிரி ஒதுக்கீடு, வந்ததும் மகளோடு உட்கார்ந்து வரிசையை இன்னொரு தடவை பாருங்கள். சேர மனமில்லாத கல்லூரி பட்டியலில் இருந்தால் அப்போதே எடுத்துவிடுங்கள்.